செயலி செய்யும் முன் பால் வண்டியில் ஏறுங்கள்: முதன்முறை வடிவமைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சி உறையூரில் வீடு வீடாகப் பால் பாக்கெட் போடும் ஒரு முகவருக்கு நான் செயலி செய்து கொடுத்தேன். நான்கு மாத வேலை. திரைகளை வரைந்தவருக்குக் கொடுத்தது, சர்வர், எஸ்எம்எஸ் எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து 1,35,000 ரூபாய் போனது. மொத்தம் 23 திரைகள். வாடிக்கையாளர் லாகின், வரைபடம், வண்டி இப்போது எங்கே வருகிறது என்று காட்டும் வசதி, தள்ளுபடிக் கூப்பன் என்று அவர் கேட்ட எதையும் நான் விடவில்லை.

பத்தாவது நாள் அவர் பழைய நோட்டுக்குத் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டால் குறை எதுவும் சொல்லவில்லை. "நல்லாத்தான் தம்பி இருக்கு, எனக்குத்தான் நேரம் பத்தல" என்றார். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று விளங்க எனக்கு இன்னும் இரண்டு மாதம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் செய்த இரண்டாவது செயலியில் நான்கு திரைகள்தான். அது இன்றும் ஓடுகிறது.

உங்கள் ஊரில் ஒரு கடைக்கோ, டியூஷன் சென்டருக்கோ, தண்ணீர் கேன் போடுபவருக்கோ நீங்கள் முதல் செயலியைச் செய்யப் போகிறீர்கள் என்றால், நான் போன வழியில் போகாதீர்கள். எந்த வரிசையில் என்ன செய்வது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

1. வரையத் தொடங்கும் முன் கூடவே இருந்து பாருங்கள்

நேரம்: மூன்று விடியற்காலை, ஒரு மாலை, ஒரு மாதக் கடைசி. செலவு: பெட்ரோலும் டீயும்.

முதல்முறை நான் பகல் பதினோரு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "என்னென்ன வேணும் அண்ணே?" என்று கேட்டேன். பதினான்கு விஷயம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நிதானமாக உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் செயலி என்றால், அவர் ஏற்கனவே போனில் பார்த்திருக்கும் சாப்பாட்டு செயலிதான் மனதில் வரும். விடியற்காலை நாலேகாலுக்கு வண்டியில் இருப்பவர் வேறு ஆள், அவருடைய தேவையும் வேறு.

இரண்டாவது முறை வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். நான் பார்த்தவை இவை. பால் டப் இறங்கும் இடத்தில் பாக்கெட்டுகளை எண்ணும்போதே கை நனைந்துவிடுகிறது. அந்த ஈரம் கடைசி வீடு வரை காய்வதில்லை. ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்காது. அவர் சட்டையில் விரலைத் துடைத்து, மறுபடி தொட்டு, மறுபடி துடைத்து, மூன்றாவது வீட்டிலேயே போனைப் பையில் போட்டுவிட்டார். 180 வீட்டுக்கும் "போட்டாயிற்று" என்று ஒவ்வொன்றாகத் தொடும்படி நான் செய்திருந்த திரையின் கதை அங்கேயே முடிந்தது.

அவர் உண்மையில் நம்பியிருந்தது, ஸ்கூட்டர் ஹேண்டிலில் ரப்பர் பேண்ட் போட்டுச் செருகியிருந்த ஒரு துண்டுச் சீட்டை. அதில் பன்னிரண்டு வரிகள். யாருக்கு இன்று வேண்டாம், யாருக்கு ஒன்று கூடுதல் என்பது மட்டும். மீதி நூற்றறுபது சொச்சம் வீடுகள் அவருக்கு மனப்பாடம். வழக்கத்துக்கு மாறானதை மட்டும் குறித்தால் போதும் என்பதை அந்தச் சீட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். திண்ணையில் கேட்ட இரண்டு மணி நேரத்தில் அந்தச் சீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியிருக்காது, கை தானாகச் செய்கிற வேலை அது.

குறிப்பெடுக்க மூன்று பத்தி போதும்: என்ன செய்தார், கையில் என்ன இருந்தது, எங்கே முகம் சுளித்தார். நான் எழுதியதில் பாதி அந்த மூன்றாவது பத்திதான்.

மாலையிலும் ஒருநாள் போங்கள். ஏழு மணியிலிருந்து எட்டரை வரை அவர் போன் ஓயாது. வாட்ஸ்அப்பில் குரல் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். "அண்ணே, நாளைக்குப் பால் வேணாம், ஊருக்குப் போறோம், வந்துட்டுச் சொல்றேன்." இதைக் கவனியுங்கள், எந்தத் தேதி வரை என்று அதில் இல்லை. என் பழைய செயலியிலோ முடியும் தேதியைப் போடாமல் அந்தப் படிவத்தைச் சேமிக்கவே முடியாது.

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வசதியான நாளாகப் பார்த்துப் போய்விடாதீர்கள். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்டிகைக்கு முந்தின நாள் என்று கலந்து போங்கள். மாதக் கணக்கு முடிந்து வசூல் நடக்கும் முதல் பத்து நாளில் ஒருநாளாவது கட்டாயம் இருங்கள், சண்டை அப்போதுதான் வரும். படம் எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். நோட்டுப் பக்கத்தில் வாடிக்கையாளர்களின் போன் எண்கள் இருக்கும், அவற்றைக் கையால் மறைத்துவிட்டு எடுங்கள்.

2. கேட்டதை ஒரு பக்கம், எதற்காகக் கேட்டார் என்பதை இன்னொரு பக்கம் எழுதுங்கள்

நேரம்: ஒரு வாரம். இந்தப் படியில் அவசரப்பட்டதுதான் என்னுடைய பெரிய நஷ்டம்.

அவர் வரைபடம் கேட்டார் என்றேன் அல்லவா. இரண்டாவது முறை நான் கேட்டது, "மேப் கடைசியா எப்ப தேவைப்பட்டுச்சு அண்ணே?" கொஞ்சம் யோசித்தவர், பால் போடும் பையன் லீவு போட்ட அன்று புது ஆளை அனுப்பியதாகவும், ஏழு வீடு விட்டுப்போனதாகவும் சொன்னார். "அன்னைக்கு என்ன பண்ணீங்க?" "நானே திரும்பப் போய்ப் போட்டேன், எட்டு மணி ஆயிடுச்சு, நாலு பேரு திட்டினாங்க." ஆக, அவருக்குத் தேவை வரைபடம் இல்லை. புதிதாக வருபவன் வீடு தவறாமல் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வீடுகள் அகர வரிசையில் இல்லாமல் தெரு வரிசையில் வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி அடையாளம் வேண்டும்: "பச்சை கேட், நாய் இருக்கு, பை ஜன்னல் கம்பியில்." இதை எழுதிச் சேமிக்க ஒரே ஒரு பெட்டி போதும். வரைபடத்துக்கு நான் மூன்று வாரம் செலவழித்திருந்தேன்.

வாடிக்கையாளர் லாகினும் இப்படித்தான். அதற்குப் பின்னால் இருந்தது மாதக் கடைசிச் சண்டை. ஒரு வீட்டில் அந்த அம்மா சமையலறைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார்கள். பால் வராத நாட்களைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள், மூன்று வட்டம். இவர் நோட்டில் இரண்டு. அரை லிட்டர் பாலுக்கு வாசலில் கால் மணி நேரம் பேச்சு. கடைசியில் இவர் விட்டுக்கொடுத்தார், ஆனால் வண்டியில் ஏறிய பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை. பணம் போனதைவிட, தன்னைப் பொய்க்கணக்கு எழுதுகிறவராக நினைத்துவிட்டார்களே என்பதுதான் அவரை உறுத்தியது.

ஆலன் கூப்பர் போன்ற வடிவமைப்பாளர்கள் வேலை வேறு, இலக்கு வேறு என்று பிரித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். நோட்டில் குறிப்பது வேலை, கருவி மாறினால் வேலையும் மாறும். இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், யார் முன்னாலும் தலைகுனியக் கூடாது என்பது இலக்கு. நோட்டு இருந்தாலும் போன் இருந்தாலும் அது மாறாது.

இதற்கு லாகின் எதற்கு? "வேண்டாம்" என்று பதிவானதும் அந்த வீட்டுக்கு உடனே ஒரு பதில் செய்தி போனால், வட்டம் போடும் அம்மாவிடமும் இவரிடமும் ஒரே பதிவு இருக்கும். இரண்டாவது செயலியில் இதைத்தான் செய்தோம். அடுத்த மாதம் அந்த வீட்டில் காலண்டர் சுவரை விட்டு இறங்கவில்லை.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். "கடைசியா எப்ப நடந்துச்சு?", "அன்னைக்கு என்ன பண்ணீங்க?", "அப்புறம்?" இந்த மூன்றையும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். "இப்படி ஒரு வசதி இருந்தா பயன்படுத்துவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் வீடு தேடி வந்தவரின் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த "ஆமாம் தம்பி"யை நம்பித்தான் நான் கூப்பன் வசதி செய்தேன். ஒருமுறைகூட அது பயன்படவில்லை.

இன்னொன்று, பணம் கொடுப்பவர் மட்டும் பயனர் இல்லை. பால் போடும் பையன் இருக்கிறான், வீட்டில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய இலக்குகள் மோதும். வீட்டுக்காரர்களுக்கு ராத்திரி பத்து மணிக்கும் "நாளைக்கு வேண்டாம்" சொல்ல வேண்டும், முகவரோ அதற்கு முன்பே மறுநாள் பாக்கெட் எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும். இதற்கு வடிவமைப்பில் தந்திரம் கிடையாது, அவரே ஒரு நேரம் முடிவு செய்ய வேண்டும். எட்டு மணி என்று வைத்தோம். அதற்குப் பிறகு வரும் செய்திக்கு "நாளை மறுநாள் முதல் நிறுத்தப்படும்" என்று பதில் போகும். முதல் வாரம் சிலருக்குக் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது.

3. ஒரே ஒரு பக்கத்தில் இலக்குத் தாள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்

நேரம்: அரை நாள். இந்த வேலையில் உங்களுக்குத் தேவைப்படும் மிக முக்கியமான ஆவணம் இதுதான், ஒப்பந்தத்தைவிடவும்.

தாளில் இருக்க வேண்டியவை: பயனர் யார், எந்த நேரத்தில், எந்த இடத்தில், கையில் என்னவோடு இருக்கிறார். அவர் முடிக்க நினைப்பது என்ன, அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே. எது நடந்தால் அவருக்கு அவமானம். இந்தச் செயலி எதைச் செய்யாது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் தாளில் மூன்று இலக்குகள்தான் இருந்தன. மாதக் கடைசியில் வாசலில் நின்று கணக்குப் பேசக் கூடாது. புது ஆள் வந்தாலும் வீடு விடுபடக் கூடாது. வந்த பணம் யாருடையது என்று அன்றைக்கே தெரிய வேண்டும்.

அந்த மூன்றாவது எப்படி வந்தது என்று சொல்கிறேன். யுபிஐயில் பணம் வருகிறது, ஆனால் அவருக்குத் தெரியாத பெயரில் வருகிறது. வீட்டில் அம்மா பால் வாங்குவார், பெங்களூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புவான். இவர் போனில் ஏதோ ஒரு பெயரில் 1,640 ரூபாய் என்று நிற்கும். யார் என்று கண்டுபிடிக்க நாலு வீட்டில் கேட்க வேண்டும், கேட்டால் கொடுத்தவர்களே "கொடுத்தாச்சே, இன்னும் கேக்கறீங்களே" என்பார்கள். யுபிஐ க்யூஆரில் தொகையையும் ஒரு குறிப்பையும் முன்கூட்டியே எழுதிவைக்க இடமிருக்கிறது. அதனால் மாதச் சீட்டில் வீட்டுக்கு ஒரு க்யூஆர், குறிப்பில் வீட்டு எண் என்று அச்சிட்டோம். இதை நீங்களும் செய்வதென்றால் முதலில் நாலைந்து பணச் செயலிகளில் ஸ்கேன் செய்து, குறிப்பு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று அவர் போனிலேயே பாருங்கள்.

ஒப்பந்தம் என்று தனியாக எழுதினால் இரண்டு விஷயம் அதில் இருக்கட்டும். கணக்கு விவரங்கள் அவருக்குச் சொந்தம், அவர் கேட்டால் எக்செல் கோப்பாக எடுத்துக் கொடுக்க வேண்டும். பணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குங்கள்: இலக்குத் தாள் முடிந்ததும் ஒரு பங்கு, அடுத்த படியில் வரும் காகிதச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு முழு மாதம் ஓடிய பிறகு மீதி. முதல் பங்கைத் தனி வேலைக்கான கூலியாகவே பேசுங்கள். "சும்மா பார்க்கிறதுக்கா காசு?" என்று கேட்பார்கள். என்னுடைய 1,35,000 ரூபாய்க் கதையைச் சொல்லுங்கள், பரவாயில்லை.

4. முதலில் காகிதத்தில்

நேரம்: நான்கு நாள். செலவு: ஏ4 தாள், மார்க்கர், 200 ரூபாய்க்குள்.

போன் அளவுக்குத் தாளை வெட்டி ஒவ்வொரு திரையையும் கையால் வரையுங்கள். பயனர் விரலால் "தொட்டதும்" நீங்கள் அடுத்த தாளை எடுத்து வைக்க வேண்டும். ஒரே வகைப் பயனர்களில் ஐந்து பேர் போதும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சொல்லிப் பரவலான கணக்கு. ஐந்து பேரிடமே பெரும்பாலான சிக்கல்கள் தென்பட்டுவிடும், அதற்கு மேல் அதே சிக்கலைத்தான் திரும்பப் பார்ப்பீர்கள். ஆனால் ஒன்று, முகவர், பையன்கள், வீட்டுக்காரர்கள் மூன்றும் மூன்று வகை. கலந்து ஐந்து பேரை எடுத்தால் கணக்கு நிற்காது. நான் அவரோடு சேர்த்து அக்கம்பக்கத்தில் பால் போடும் நால்வரையும் பிடித்தேன், வீடுகளில் தனியாக ஐந்து பேர்.

சோதனையின்போது வாயைத் திறக்காதீர்கள். இது ரொம்பக் கஷ்டம். அவர் தப்பான இடத்தைத் தொடும்போது "அது இல்லண்ணே, இது" என்று வந்துவிடும். அப்படிச் சொன்னால் அந்தச் சோதனை வீண், ஏனென்றால் விடியற்காலை நாலு மணிக்கு அவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப் போவதில்லை. பட்டனைக் காட்டி "இதைத் தொடுங்க" என்று வேலை கொடுக்காதீர்கள். "மூணாம் தெரு டீச்சர் வீட்ல நாளைலேர்ந்து பால் வேணாம்னு சொல்றாங்க, பண்ணுங்க" என்று நிலைமையைச் சொல்லுங்கள்.

எங்கள் காகிதச் சோதனையில் "சந்தா இடைநிறுத்தம்" என்று நான் எழுதியிருந்த பட்டனை ஐவரில் ஒருவர்கூடத் தொடவில்லை. "வேண்டாம்" என்று அடித்து எழுதினேன். அடுத்த சுற்றில் எல்லோரும் நேராக அங்கேயே போனார்கள்.

5. சொற்கள், எழுத்து அளவு

பயனர் வாயில் இருக்கும் சொல்தான் திரையில் இருக்க வேண்டும். ஆவின் பாலை யாரும் கொழுப்புச் சத்து வகைப் பெயரால் கேட்பதில்லை. "பச்சை ரெண்டு, நீலம் ஒண்ணு" என்றுதான் கேட்பார்கள். என் முதல் செயலியில் நிலைப்படுத்திய பால், சமன்படுத்திய பால், நிறை கொழுப்புப் பால் என்று பட்டியல் இருந்தது. பையன்கள் அதைப் படிக்கவே இல்லை. இப்போது பச்சை, நீலம், ஆரஞ்சு என்று மூன்று நிறக் கட்டங்கள், பக்கத்தில் எண்ணிக்கை. நிறத்தோடு பெயரையும் எழுதுங்கள், இருட்டில் மங்கலான போனில் பச்சையும் நீலமும் குழம்பும்.

தமிழில் திரை செய்யும்போது வரும் சில தொல்லைகள். சொற்கள் நீளம், ஆங்கிலத்தில் வரைந்த பட்டனுக்குள் அடங்காது, அதனால் முதலிலிருந்தே தமிழில் வரையுங்கள். வரிகளுக்கு இடையே இடைவெளி குறைந்தால் "கு", "ரூ" போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவச எழுத்துரு, பழைய போனிலும் ஒழுங்காகத் தெரிகிறது. தொடும் இடம் 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பொது அளவு. நான் அதைப்போல் ஒன்றரை மடங்கு வைத்தேன்.

விடியற்காலைத் திரையில் தொடுவதற்கே எதுவும் இல்லை. அந்தத் துண்டுச் சீட்டைப் போலவே, மாற்றங்கள் மட்டும், தெரு வரிசையில், பெரிய எழுத்தில். திரை அணையாமல் இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹேண்டிலில் மாட்டிக்கொள்கிறார்.

6. செய்தி அனுப்பும் செலவு

இதில் நான் நிறையப் பணம் விட்டேன். தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 எழுத்துக் குறியீடுதான். ஆங்கிலத்தில் 160. அதிலும் நாம் ஓர் எழுத்தாக நினைக்கும் "கொ" இரண்டு குறியீடு, "ம்" இரண்டு குறியீடு. இந்த வரியைப் பாருங்கள்:

"அக்டோபர் மாதப் பால் கணக்கு 1640 ரூபாய். 10ஆம் தேதிக்குள் கொடுக்கவும்."

எண்ணினால் 69 குறியீடு. இதோடு அவர் கடைப் பெயரைச் சேர்த்தால் இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும், கட்டணமும் இரண்டு மடங்கு.

அதற்கு முன்பே டிஎல்டி பதிவு, அதாவது வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோருக்கான கட்டாயப் பதிவு, வேண்டும். வணிகச் செய்தி அனுப்புபவர் யாராக இருந்தாலும் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் டிஎல்டி தளத்தில் பதிந்து, அனுப்புநர் பெயருக்கும் ஒவ்வொரு செய்தி வாசகத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். பான் அட்டை, தொழில் நடப்பதற்கான சான்று, அதிகாரக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். ஒப்புதல் வாங்கிய வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. எனக்கு எல்லாம் முடியப் பதினெட்டு நாள் ஆனது.

இரண்டாவது செயலியில் எஸ்எம்எஸ் கிடையாது. வீட்டுக்காரர்கள் ஏற்கனவே வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார்கள். செயலி பதில் வாசகத்தைத் தயார் செய்து வாட்ஸ்அப்பைத் திறந்து கொடுக்கும், அவர் அனுப்பு பட்டனைத் தட்டுவார். நாளுக்குப் பன்னிரண்டு, பதினைந்து தட்டல், காய்ந்த கையோடு, நாற்காலியில் உட்கார்ந்து. செலவு பூஜ்யம். தானாகவே அனுப்பும் ஏபிஐ வழிக்குக் கட்டணம் உண்டு, இந்த எண்ணிக்கைக்கு அது தேவையே இல்லை.

7. பிளே ஸ்டோர், தனியுரிமை, ஆவணங்கள்

முதலில் யோசியுங்கள், பிளே ஸ்டோர் வேண்டுமா? மூன்று போனில் மட்டும் ஓடப்போகும் கருவிக்கு, உலாவியில் திறந்து முகப்புத் திரையில் சேமித்துக்கொள்ளும் இணையச் செயலியே போதுமானது. வேண்டும் என்றால் இதோ விவரம்.

டெவலப்பர் கணக்குக்கு 25 டாலர், ஒரே முறை. அடையாள ஆவணம் கேட்பார்கள், அதில் இருக்கும் பெயரும் கணக்கில் கொடுக்கும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிட அனுமதி கேட்கும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில், அதாவது நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் சோதனையில், இருக்க வேண்டும். நடுவில் ஆள் குறைந்தால் நாள் கணக்கு கெடும். அதனால் பதினைந்து பதினாறு பேரைச் சேர்த்து வையுங்கள். பலர் இதற்கு நண்பர்களைச் சேர்த்து எண்ணிக்கையை ஒப்பேற்றிவிடுகிறார்கள். அந்தப் பதினான்கு நாளை வீணாக்காதீர்கள், உண்மையில் பால் போடுபவர்களையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் சேருங்கள். தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்று கட்டாயம். செயலி என்னென்ன தகவல் எடுக்கிறது என்று சொல்லும் தரவுப் பாதுகாப்புப் படிவமும் நிரப்ப வேண்டும். பயனர் கணக்கு தொடங்கும் வசதி இருந்தால், கணக்கை நீக்கும் வசதியும் இருந்தாக வேண்டும். எங்களுக்கு வீட்டுக்காரர் லாகின் இல்லாததால் இந்த வேலையில் பாதி மிச்சம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் எடுக்க ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைப் பயனர் விரும்பினால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி எதிலும் படிக்க வழி வேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. எளிய தமிழில் ஐந்து வரி எழுதி மாதச் சீட்டின் பின்பக்கமே அச்சிட்டோம்.

சட்டம் கேட்காவிட்டாலும் நீங்களாக யோசிக்க வேண்டிய ஒன்று. எந்த வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கிறது என்ற பட்டியல் உங்கள் செயலியில் இருக்கிறது. அது தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு முதல்முறை தோன்றவே இல்லை, ஒரு வீட்டு அக்கா கேட்ட பிறகுதான் உறைத்தது. இப்போது பையனின் திரையில் "இன்று வேண்டாம்" என்பது மட்டும்தான் தெரியும், எதுவரை, ஏன் என்பது தெரியாது. பழைய நாட்களின் மாற்றங்கள் கணக்கு முடிந்த இரண்டு மாதத்தில் அழிந்துவிடும்.

8. ஒன்றாம் தேதி தொடங்குங்கள், நோட்டைப் பிடுங்காதீர்கள்

மாத நடுவில் தொடங்கினால் பாதிக் கணக்கு நோட்டில், பாதி போனில் இருக்கும். மாதக் கடைசியில் இரண்டையும் கூட்ட வேண்டியிருக்கும், அதைவிடக் கொடுமை இல்லை. முதல் மாதம் முழுக்க நோட்டும் ஓடட்டும். அவர் எப்போது நோட்டை எடுக்கிறார் என்று குறித்துவையுங்கள். எங்கள் விஷயத்தில் இரண்டாவது வாரத்துக்குப் பிறகும் அவர் ஒரு காரணத்துக்காக நோட்டை விடவில்லை: கிழிந்து ஒழுகிய பாக்கெட்டை மறுநாள் மாற்றித் தர வேண்டிய வீடுகளை எழுத. அதற்குச் செயலியில் இடமே வைக்கவில்லை. "கூடுதல்" என்பதற்குப் பக்கத்தில் "மாற்றிக் கொடு" என்று ஒரு வகை சேர்த்தோம், அரை நாள் வேலை. நோட்டு அப்புறம்தான் அலமாரிக்குப் போனது.

பதிவிறக்க எண்ணிக்கையை அளக்காதீர்கள். இலக்குத் தாளில் எழுதியவற்றையே எண்ணுங்கள். வாசலில் எத்தனை வீட்டில் கணக்குப் பேச வேண்டி வந்தது? முன்பு மாதம் இருபது வீடு, மூன்றாவது மாதத்தில் இரண்டு. கணக்கு முடிக்க எத்தனை மாலை? முன்பு மூன்று, இப்போது ஒன்று. இந்த எண்களைத் தொடங்கும் முன்பே எடுத்துவையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

9. அப்புறம் வரும் "இதையும் சேருங்க தம்பி"

வரும், கட்டாயம் வரும். உடனே மறுக்கவும் வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். இலக்குத் தாளின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதுங்கள், பக்கத்தில் கடைசியாக அது எப்போது தேவைப்பட்டது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். பதில் இல்லாதவை அங்கேயே இருக்கட்டும். ஒரே நிகழ்ச்சி இரண்டு மாதத்தில் மூன்று முறை நடந்திருந்தால் செய்யுங்கள்.

எங்கள் தாளின் பின்பக்கத்தில் இப்போது பதினோரு வரிகள் இருக்கின்றன. இரண்டைச் செய்தோம். ஒன்று மேலே சொன்ன "மாற்றிக் கொடு". இன்னொன்று, பால் விலை மாறும் நாளில் அந்த மாதக் கணக்கைப் பழைய விலை, புது விலை என்று இரண்டாகப் பிரித்துச் சீட்டில் காட்டுவது. வரைபடம் இன்னும் பட்டியலில் இருக்கிறது, நாலாவது வரியில், தேதியோடு. அதற்குப் பக்கத்தில் எழுத இதுவரை ஒரு நிகழ்ச்சியும் வரவில்லை.